நிழலும் வேண்டும், கடலும் தெரிய வேண்டும்: இத்தாலியக் கரையோர மலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மே மாதக் கடைசியில் அண்ணன் குடும்பம் மிலானுக்கு வருகிறது. அண்ணனுக்கு அங்கே மூன்று நாள் வேலை, பிறகு மூன்று நாள் ஓய்வு. ஓய்வில் ஒரு நாள் முழுக்க மலையில் நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். எந்த மலை என்பதை என்னிடம் விட்டார்கள். அண்ணி மட்டும் போனில் ஒரு நிபந்தனை வைத்தார்: “தம்பி, நடக்கறதுக்கு நான் தயார். ஆனா நிழலும் வேணும், கடலும் தெரியணும். வெறும் படிக்கட்டா இருந்தா என் முட்டி தாங்காது.”

அண்ணி கேட்டது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் இத்தாலியின் கரையோர மலைகளைத் தரம் பிரிக்க இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தெரியவில்லை. கடல் நன்றாகத் தெரிகிற சரிவு பெரும்பாலும் வெயிலைப் பார்த்த சரிவு. மண் மெலிந்திருக்கும், காற்று உப்பாக இருக்கும், இடுப்பளவுப் புதர்தான் வளரும். அல்லது மனிதர்கள் பல நூறு வருடங்களாக அடுக்கடுக்காகச் சுவர் கட்டித் திராட்சையும் எலுமிச்சையும் போட்டிருப்பார்கள். அடர்ந்த காடு மலையின் மறுபக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரே நாள் நடையில் இரண்டு முகத்தையும் காட்டுகிற மலை எது என்று தேட வேண்டும். போகிறவர்களில் ஒருவருக்கு முட்டி வலி என்றால், நடுவழியில் திரும்பிவர வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் எடை போட்டுப் பார்த்தவை நான்கு. வடமேற்கில் லிகூரியா கரையில் சிங்குவே தெர்ரேயும் போர்ட்டோஃபினோ மலையும். தெற்கே அமால்ஃபி கரையில் ‘தெய்வங்களின் பாதை’. கிழக்கே அட்ரியாட்டிக் கடலோரம் கோனெரோ மலை.

எல்லோரும் முதலில் கேட்பது சிங்குவே தெர்ரேயைத்தான். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னில்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து ஊர்கள், அவற்றை இணைக்கும் ஒரு கரையோரப் பாதை. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 1999இல் தேசியப் பூங்கா ஆனது. அண்ணன் மகளின் போனில் ஏற்கெனவே இருக்கிற படங்கள் எல்லாம் இந்த ஊர்களுடையவை. ஆனால் இது காடு பார்க்கப் போகிற இடமல்ல. மேலே முகட்டில் பைனும் செஸ்நட்டும் உண்டு. கரையோரப் பாதை ஓடுவதோ மனிதன் கட்டிய மலையில். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்து எழுப்பிய சுவர்கள், அவற்றின் நடுவே பிடிப்பிடியாக மண், அதில் திராட்சைக் கொடி. அந்தக் கொடியின் பழத்தை உலர்த்திப் பிழிகிற ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் இங்கே பேர் பெற்றது. இப்படி வெறுங்கல்லால் சுவர் எழுப்பும் கலையை 2018இல் யுனெஸ்கோ தனியாக அங்கீகரித்தது.

சுவரைப் பராமரிக்கக் குடும்பத்தில் ஆள் இல்லாமல் போனால் மழைநீர் உள்ளே தேங்கிச் சுவர் வயிறு தள்ளும், பிறகு ஒருநாள் சரியும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் மொந்தெரோஸ்ஸோவும் வெர்னாட்ஸாவும் சேற்றில் புதைந்தன. தெருவோரக் கடைகளுக்குள் கூரையை எட்டும் அளவுக்கு மண் புகுந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலுள்ள ‘காதல் பாதை’யில் பாறை விழுந்து நடந்துபோனவர்கள் காயப்பட்டார்கள். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் பாதை முழுதாகத் திறக்க 2024 ஆகிவிட்டது. இப்போது நேரம் குறித்து, தனி டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். மனரோலாவிலிருந்து கோர்னில்யாவுக்குப் போகும் கீழ்ப்பாதை பல வருடங்களாக மூடிக் கிடக்கிறது. நடப்பவர்கள் வொலாஸ்த்ரா வழியாக மேலேறிச் சுற்றி வருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலை நகர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பூங்கா ஆட்கள் வானிலை எச்சரிக்கை வந்ததும் பாதையை மூடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. போகிற நாளில் பூங்காவின் இணையதளத்தைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

அண்ணியின் முட்டிக்கு இது சரிப்படாது. மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்கு மூன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் தொடக்கத்திலேயே செங்குத்தான கல்படிகள், முடிவிலும் அப்படியே. இரண்டு மணி நேரம் ஆகும். கோர்னில்யாவில் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகவே 380 படிக்குப் பக்கம் ஏற வேண்டும் (சிறிய பேருந்து உண்டு). மே மாதத்தில் கூட்டமும் சேர்ந்தால், எதிரே வருகிறவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்பதிலேயே பாதி நேரம் போகும். சீசனில் இந்தப் பகுதிக்குக் கட்டணம் உண்டு. ரப்பர் செருப்போடு வந்தால் அபராதமும் உண்டு, அந்த விதி நியாயமானதுதான்.

இந்தப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு நடை. லெவாந்தோவில் இறங்கி மெஸ்கோ முனை வழியாக மொந்தெரோஸ்ஸோவுக்கு வாருங்கள். கட்டணம் கிடையாது, கூட்டம் குறைவு, நிழல் அதிகம். முனையின் மேலே சந்த் அந்தோனியோ துறவி மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. அந்த இடத்தில் நின்றால் ஐந்து ஊர்களும் ஒரே பார்வையில் வரிசையாகத் தெரியும். ஊருக்குள் இருந்து ஊரைப் பார்ப்பதைவிட இது எனக்குப் பிடிக்கும். நடக்க மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கடைசி இறக்கம் முட்டிக்குச் சோதனைதான்.

தெய்வங்களின் பாதையைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. காட்சிக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நான்கிலும் அதுவே முதல். அஜெரோலாவின் பொமெரானோ சிற்றூரில், கடலுக்கு மேல் 600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் தொடங்கி, மேற்கே நொச்செல்லே வரை ஆறேழு கிலோமீட்டர். மொத்தத்தில் இறக்கமான பாதை. காலையில் கிளம்பினால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கண்ணெதிரே கடைசி வரைக்கும் காப்ரி தீவு. ஆனால் நிழல் மிகக் குறைவு. நொச்செல்லேயிலிருந்து பொசித்தானோ போகும் சாலைக்கு இறங்க 1,500க்கு மேல் படிகள். அதைத் தவிர்க்கப் பேருந்து இருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டும்.

அமால்ஃபி பக்கம் காடு வேண்டுமென்றால் இந்தப் புகழ்பெற்ற பாதையை விட்டுவிட்டு ஃபெர்ரியேரே பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும். அமால்ஃபி ஊருக்குப் பின்னாலேயே எலுமிச்சைத் தோட்டங்களின் நடுவே தொடங்குகிறது. பாழடைந்த காகித ஆலைகள், பிறகு பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்த இரும்பு உலையின் இடிபாடு, பக்கத்தில் ஓடும் நீர். உள்ளே போகப்போக ஈரம் கூடும். வுட்வார்டியா என்ற ஆளுயரப் பெரணி, ஐரோப்பா இன்னும் வெப்பமாக இருந்த காலத்தின் மிச்சமாக, அங்கே தப்பி வாழ்கிறது. கோடை வெயிலில் அந்தப் பச்சை நிழலுக்குள் நுழைந்தால் உடம்பே சொல்லும். ஆனால் கடல் கொஞ்சமும் தெரியாது! அண்ணி கேட்ட இரண்டும் இங்கே இரண்டு வெவ்வேறு நாள்களில்தான் கிடைக்கும். மிலானிலிருந்து வருகிறவர்களுக்கு நேப்பிள்ஸ் வரை வந்து, அதற்குப் பிறகும் பேருந்தோ படகோ பிடிக்கும் தூரம். மூன்று நாளில் இது வேண்டாம்.

கோனெரோவைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நம்மவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. த்ரியெஸ்தேயிலிருந்து கீழே இறங்கி வந்தால் அட்ரியாட்டிக் கரை பெரும்பாலும் தட்டையான மணல்தான். அங்கோனாவுக்குத் தெற்கே திடீரென்று 572 மீட்டருக்கு ஒரு வெள்ளைச் சுண்ணாம்பு மலை கடலுக்குள் தலையை நீட்டுகிறது. அங்கோனா என்ற பெயரே கிரேக்க மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல். கரை அங்கே முழங்கைபோல மடங்குவதால், கோடையின் நீண்ட நாள்களில் சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் அந்த ஒரே ஊரில் பார்க்கலாம்.

மலையின் பெயரும் கிரேக்கம்தான். கோமரோஸ் என்பது கோர்பெட்ஸோலோ மரம், ஆங்கிலத்தில் ஸ்ட்ராபெர்ரி மரம் என்பார்கள். இலையுதிர் காலத்தில் போனால் அந்த மரத்தில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் பச்சை இலையும் ஒன்றாக இருக்கும். பழம் ஒரே சமயத்தில் மாவாகவும் தேனாகவும் கரையும். பார்க்க இருக்கிற அளவுக்குச் சுவை இல்லை, இருந்தாலும் ஒன்று தின்னாமல் தாண்டிப் போக முடியாது. 1987 முதல் இது மாநிலப் பூங்கா. சரிவுகளில் லெச்சோ என்ற பசுமை மாறாத ஓக், நட்டு வளர்த்த பைன், தரையில் ஈரமான சருகு. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் தேன்பருந்துகள் இந்த மலைக்கு மேலே வட்டமிட்டு உயரம் பிடித்துக்கொண்டு போகும். அதைப் பார்க்கவே தொலைநோக்கியோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இங்கே காடும் கடலும் சேர்வது ஒரே ஒரு திருப்பத்தில். சிரோலோ ஊரிலிருந்து மரநிழலிலேயே முக்கால் மணி நேரம் நடந்தால் பாஸ்ஸோ தெல் லூப்போ, அதாவது ஓநாய்க் கணவாய். மரம் விலகியதும் நேர் கீழே ‘இரு சகோதரிகள்’: கடலிலிருந்து எழும் இரண்டு வெள்ளைப் பாறைகள், அவற்றை ஒட்டி வெள்ளைக் கூழாங்கல் கரை. கண்ணை எடுக்க முடியாது. அந்தக் கரைக்கு அங்கிருந்து இறங்கும் பழைய தடம் பாறை சரியும் ஆபத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் சிலர் வேலியைத் தாண்டி இறங்குவதை நானே பார்த்தேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நுமானாவிலிருந்து படகு போகிறது, அரை மணியில் அதே கரையில் காலை வைக்கலாம்.

நீண்ட நடை வேண்டுவோர் போஜ்ஜோவிலிருந்து சிரோலோவுக்கு மலையைக் குறுக்கே கடக்கலாம், மூன்று மணி நேரம். நடுவே 11ஆம் நூற்றாண்டில் எழுந்த சான் பியெத்ரோ தேவாலயம் இருக்கிறது. அதுவரை வண்டியும் போகும், எனவே நடக்க முடியாத பெரியவர்களையும் கூட்டிப் போகலாம். உச்சி ராணுவத்துக்குரிய இடம், உள்ளே விட மாட்டார்கள். கீழே போர்த்தோநோவோ விரிகுடாவில் அதே நூற்றாண்டின் இன்னொரு வெண்கல் தேவாலயம் கடலோரமாக நிற்கிறது. அங்கே பாறையில் தானாக விளையும் மோஷ்ஷோலி என்ற சிப்பிதான் அந்தக் கரையின் பெருமை.

இத்தனை இருந்தும் இந்த முறை கோனெரோ வேண்டாம் என்று சொல்ல ஒரே காரணம் தூரம். மிலானிலிருந்து ரயிலில் அங்கோனா, அங்கிருந்து பேருந்து. பூங்காவுக்குள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக வண்டி இருந்தால்தான் நிம்மதி. ரோமிலிருந்தோ பொலோன்யாவிலிருந்தோ காரில் வருகிறவர்கள், அதுவும் அக்டோபரில் வருகிறவர்கள் என்றால், யோசிக்காமல் கோனெரோ என்பேன். (இன்னும் தெற்கே கர்கானோவில் ஃபொரெஸ்தா உம்ப்ரா என்ற மகத்தான பீச் மரக்காடு இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்க வேண்டும்.)

மிஞ்சியது போர்ட்டோஃபினோ. பெயரைக் கேட்டதும் பணக்காரர்களின் படகுத்துறை நினைவுக்கு வந்து பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் துறைமுகத்துக்குப் பின்னால் நிற்கும் மலை யாருக்கும் சொந்தமான அலங்காரம் அல்ல. 1935 முதல் பாதுகாக்கப்பட்டு வரும் இடம் அது, 610 மீட்டர் உயரம். மிலானிலிருந்து ஜெனோவா, அங்கே ரயில் மாறிக் கமோலி, இரண்டரை மணி நேரச் சுமாரில் மலையடிவாரத்துக்கே வந்துவிடலாம்.

அண்ணி கேட்ட இரண்டு முகமும் இந்த மலையில் அரை மணி நடை இடைவெளியில் இருக்கின்றன. வடக்குச் சரிவில் வெயில் சாய்வாகத்தான் விழும், ஈரம் தங்கும், அதனால் செஸ்நட்டும் ஓக்கும் அடர்ந்து நிற்கின்றன. முகட்டைத் தாண்டியதும் பாறையே மாறிவிடும். தெற்கு முகம் முழுவதும் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையான புத்திங்கா. அது செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது, அதன் மேல் வறண்ட புதர்க்காடு, ரோஸ்மேரி வாசம். ஒரே நாளில் இரண்டு ஊர் பார்த்ததுபோல இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே, 452 மீட்டரில், பியெத்ரெ ஸ்த்ரெத்தெ என்ற நாற்சந்தி. பெரிய பாறைகளுக்கு இடையே பாதைகள் பிரியும் இடம், எப்போதும் நிழல். இந்த மலையை நான் தேர்ந்தெடுக்கக் காரணமே இந்தச் சந்திதான். கமோலிக்கு மேலேயுள்ள ரூத்தா வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து போர்ட்டோஃபினோ வெத்தா வழியாகக் காட்டுக்குள் நடந்தால் பெரிய ஏற்றம் இல்லாமலேயே இங்கே வந்து சேரலாம். வருகிற வழியில் செமாஃபோரோ நுவோவோ பக்கம் ஒதுங்கினால் மரங்கள் விலகி, காலுக்குக் கீழே கடல். செமாஃபோரோ என்றால் இன்றைய இத்தாலியனில் சாலை விளக்கு. இங்கே அது கப்பல்களுக்குக் குறி காட்டிய பழைய நிலையம்.

சந்தியிலிருந்து ஒரு மணி நேரம் இறங்கினால் சான் ஃப்ருத்துவோசோ. சாலை கிடையாது, காலால் வர வேண்டும், இல்லாவிட்டால் படகில். ஒரு சிறிய குடாவின் மடியில் மடாலயம், அதன் உள்ளே தோரியா குலத்தாரின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கல்லறைகள், மேலே 1562இல் எழுந்த காவல் கோபுரம். 1983இல் அந்தக் குடும்பம் இதைப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. மடத்துக்கு முன்னால் நாம் துண்டு விரித்து உட்காருகிற கடற்கரை ஆதியிலிருந்து அங்கே இருந்ததல்ல. 1915இல் வந்த வெள்ளம் கோயிலின் ஒரு பகுதியை இடித்து, மலையின் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய கரை. குடாவின் நீருக்கடியில் 17 மீட்டர் ஆழத்தில், 1954இல் இறக்கிய வெண்கலக் கிறிஸ்து சிலை இரு கையையும் மேலே தூக்கி நிற்கிறது.

பிள்ளைகள் கேட்டது வேறொரு பாதையை: சான் ரோக்கோவிலிருந்து பாறை முகத்தை ஒட்டிப் போகும் ‘பத்தெரியே’ தடம். இரண்டாம் உலகப் போரின் பீரங்கி அறைகள் வழியில் இருப்பதால் அந்தப் பெயர். பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய பாறைகள் வரும். இத்தாலிய மலைச் சங்கத்தின் வரிசையில் டி எளியது, இ சாதாரண மலை நடைக்காரருக்கு, இஇ பழகியவர்களுக்கு மட்டும். இது இஇ. மழை பெய்த மறுநாள் அந்தக் கூழாங்கல் பாறை சோப்புபோல வழுக்கும். காய்ந்த நாளில், நல்ல ஷூவோடு, உயரத்துக்குப் பயப்படாதவர்கள் போகலாம். முதல் முறை இத்தாலிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளை நான் அதில் அனுப்ப மாட்டேன். அவர்களுக்குக் கோபம் வந்தாலும் சரி.

போர்ட்டோஃபினோவின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சந்தியிலிருந்து சான் ஃப்ருத்துவோசோவுக்கு இறங்குவது 450 மீட்டர், பல இடங்களில் கல் பாவிய செங்குத்து. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி அழும். இன்னொன்று, கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். அப்போது குடாவிலிருந்து வெளியேற ஒரே வழி மறுபடி மலையேறுவது. மாலை ஐந்து மணிக்கு அதைக் கேள்விப்பட்டால் யாருக்கும் பிடிக்காது. காலையில் கமோலி துறையிலேயே திரும்பும் படகு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

ஆகவே நேற்று இரவு அண்ணிக்குத் திட்டத்தைச் சொன்னேன். ஐந்து பேரும் ரூத்தாவிலிருந்து பியெத்ரெ ஸ்த்ரெத்தெ வரை சேர்ந்து நடக்கிறோம். அங்கே கையில் கொண்டுபோன ஃபொக்காச்சா ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். அண்ணியின் முட்டி சரியென்றால் இரண்டு ஊன்றுகோலோடு எல்லோரும் இறங்குகிறோம். வலித்தால் அண்ணனும் அண்ணியும் வந்த காட்டுவழியே திரும்பி, கமோலிக்குப் பேருந்தில் இறங்கி, படகில் சான் ஃப்ருத்துவோசோ வருகிறார்கள். நானும் பிள்ளைகளும் மேலிருந்து இறங்கி அவர்களுக்காகக் கரையில் காத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கால் பேன்ட், ஏனென்றால் புதர்களில் உண்ணி இருக்கும். படகு இல்லாத நாளென்றால் குடாவுக்கு இறங்குவதே கிடையாது. சந்தியிலிருந்து காட்டு வழியாகவே பழைய ஆலைகள் இருக்கும் பள்ளத்தாக்கைக் கடந்து போர்ட்டோஃபினோ பக்கம் மெதுவாக இறங்கிவிடுவோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி, “அந்த சந்தியில உக்கார இடம் இருக்கா தம்பி?” என்றார். இருக்கிறது. அந்தப் பாறைகளே போதும், ஐந்து பேருக்கும்.